உட்கார்ந்திருப்பவள்

இளங்கலை மாணவிகளுக்குப் பெரியபுராணத்திலிருந்து காரைக்காலம்மையார் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். காரைக்கால் பிள்ளைகளுக்கு மாங்கனிக் கதை புதிதில்லை. ஆனி மாதப் பௌர்ணமியில் மாடிகளிலிருந்து வீசப்படும் மாம்பழத்தைப் பிடிக்கக் கூட்டத்தில் முண்டியடித்து வளர்ந்தவர்கள். அதனால் கதையை வேகமாகச் சொல்லிவிட்டுச் செய்யுளுக்குப் போகலாம் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மேடம், அடியார் சாப்டாரு. வீட்டுக்காரரும் வந்து சாப்டாரு. அவங்க எப்ப சாப்டாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு புத்தகத்தைப் பார்த்தேன். முனைவர் பட்டத்துக்காக ஒருமுறை, பாடம் நடத்துவதற்காகப் பலமுறை படித்த பகுதி அது. அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கதையை அந்தப் பெண்ணின் கண்ணோடு மறுபடி படித்துப் பார்க்கலாம். கடையிலிருந்து பரமதத்தன் இரண்டு மாம்பழங்களைக் கொடுத்தனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. புனிதவதி ஒரு பழத்தை இலையில் வைக்கிறார். அடியார் உண்டு போகிறார். பிறகு கணவன் வருகிறான், குளிக்கிறான், உட்காருகிறான். சோறும் கறியும் இன்னொரு பழமும் பரிமாறப்படுகின்றன. ருசித்தவன் மற்ற பழத்தையும் கேட்கிறான். அதன் பிறகுதான் அற்புதம். நாம் எல்லோரும் அந்த அற்புதத்தையே பார்க்கிறோம். அதற்கு முன்னால் ஒரு பகல் முழுக்க ஒரு பெண் நின்றுகொண்டே இருக்கிறாள். அடியாருக்குப் பரிமாற நிற்கிறாள், கணவனுக்குப் பரிமாற நிற்கிறாள், பழம் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கும்போது பதில் சொல்ல நிற்கிறாள். அவள் உண்டாளா என்று கதை சொல்வதில்லை. சேக்கிழாரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் எழுதாமல் விட்டதை இருபத்தோராம் நூற்றாண்டில் நானும் படிக்காமல் விட்டேன் என்பதுதான் என் சங்கடம்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி கோயிலில் இருக்கிறது. சிவன் கோயில் பிரகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையைக் கவனித்திருப்பீர்கள். கைகூப்பி எல்லோரும் நிற்பார்கள். அரசர்களும் நிற்பார்கள், அமைச்சர்களும் நிற்பார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர் காரைக்காலம்மையார். இறைவனே 'அம்மையே' என்று அழைத்ததால் அந்த மரியாதை என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "பொம்பளைன்னா அப்படி உக்காரணும்" என்றாள். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். அதைச் சொன்ன என் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா நடவாள். நெடுங்காட்டைச் சுற்றியுள்ள வயல்களில் நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து எங்களை வளர்த்தவள். காரைக்கால் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். தண்ணீர் வந்துவிட்டால் நாள் பார்க்க முடியாது, எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். அந்த வாரங்களில் அவள் குனிந்திருப்பாள் அல்லது நடந்துகொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் அடுப்படி. எல்லாம் முடிந்த பின், "செத்த நேரம் கட்டையைச் சாய்ச்சுட்டு வரேன்" என்பாள். அந்தச் சொல்லை வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். கட்டை என்றால் மரக்கட்டை. பிணத்தையும் கட்டை என்போம். ஓய்வைக் கேட்கும்போதே தன் உடம்பைப் பிணத்தின் பெயரால் சொன்னாள். உயிருள்ள பெண் படுத்தால் கேள்வி வரும், கட்டை சாய்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுபோல.

'சும்மா' என்ற சொல்லும் அப்படித்தான். சித்தர் மரபிலும் தாயுமானவரிடத்திலும் சும்மா இருத்தல் என்பது ஞானத்தின் உச்சம். மனமும் வாக்கும் அடங்கிய நிலை. அதே சொல்லைப் பெண்ணுக்குச் சேர்த்துப் பாருங்கள். "வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்றால் சமைத்து, துவைத்து, பெருக்கி, பிள்ளை பார்த்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். ஆணுக்குத் தவமாகும் சொல் பெண்ணுக்கு ஏச்சாகிறது. இந்தச் சும்மாவை அரசே நிமிடக் கணக்கில் அளந்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது.

இந்த நிமிடங்களுக்கு நடுவில் பெண் எப்போது படித்தாள்? தமிழில் இதற்கு மிகத் துல்லியமான சாட்சி சல்மாவின் வாழ்க்கை. துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவர். மளிகைச் சாமான் மடித்து வந்த காகிதத் துண்டுகளைக்கூட விடாமல் படித்ததையும், திருமணத்துக்குப் பின் இரவில் கழிப்பறைக்குள் நின்று கவிதை எழுதியதையும் அவரே பேசியிருக்கிறார். 2013இல் வந்த 'சல்மா' ஆவணப்படத்தில் அதைப் பார்க்கிறோம். 2004இல் வெளியான 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற தலைப்பிலேயே பெண்களுக்கு மிச்சமிருந்த நேரம் எது என்பது இருக்கிறது. வீடு உறங்கிய பின் வருகிற நேரம். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால், வங்காளத்தில் ராசசுந்தரி தேவி புத்தகத்திலிருந்து எடுத்த ஓர் ஏட்டை அடுக்களையில் ஒளித்துவைத்து, தன் மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு எழுத்துக் கூட்டினார். அவருடைய தன்வரலாறு 1876இல் வந்தது. அடுக்களையும் கழிப்பறையும் நம் நூலகங்களாக இருந்திருக்கின்றன. இரண்டிலும் நாற்காலி கிடையாது.

என் கதை இவ்வளவு கடினமானதில்லை. என்னைப் படிக்க விட்டார்கள். ஆனால் அந்த அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அது பாடமாக இருக்க வேண்டும். யாராவது என்னை வேலைக்குக் கூப்பிட்டால், "அவ பரிச்சைக்குப் படிக்கிறா, கூப்புடாத" என்று அம்மா தடுப்பாள். பாடப் புத்தகத்துக்குள் வாடகைக்கு எடுத்த நாவல் இருப்பது எழுத்துத் தெரியாத அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்தேதான் காவல் நின்றிருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பழக்கம் எனக்குள் உறைந்துவிட்டது. இன்றைக்கும் கையில் பென்சில் இல்லாமல் என்னால் ஒரு கவிதைத் தொகுப்பைப் பிரிக்க முடியாது. அடிக்கோடு போட்டால் அது வேலை. குறிப்பெடுத்தால் அது ஆய்வு. பென்சில் இல்லாமல் மத்தியானத்தில் படுத்துக்கொண்டு படித்தால், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்காருகிறேன். வீட்டில் யாரும் என்னைத் திட்டப்போவதில்லை. திட்டுகிறவள் உள்ளே இருக்கிறாள். என் முனைவர் பட்டமே படிப்பதற்காக நான் வாங்கிய நீண்டகால அனுமதிச் சீட்டோ என்று சில நேரம் தோன்றும்.

இந்த நிலையிலிருந்து அம்மையாரின் சொந்தப் பாடல்களுக்குத் திரும்பினேன். அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா, திருவிரட்டைமணிமாலை 20 பாட்டு, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. இவைதான் அவர் எழுதியவை. அறுபத்து மூவரில் பெண்கள் மூவர். அந்த மூவரில் பாடியவர் இவர் ஒருவரே. சேக்கிழாருக்குச் சில நூற்றாண்டுகள் முந்தைய இந்தப் பாடல்களில் மாம்பழம் இல்லை. கணவன் இல்லை. கல்யாணம் இல்லை. நம் ஊர்த் திருவிழாவில் ஆண்டுதோறும் அவருக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம் நடக்கிறது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மாங்கனியை மடியில் ஏந்துகிறார்கள். அவர் பாடாமல் விட்ட எல்லாவற்றையும் நாம் அவருக்குச் செய்து பார்க்கிறோம்.

அவர் பாடியது என்ன? பிறந்து பேசக் கற்ற நாளிலிருந்து தொடங்கும் ஓர் அன்பு. அவன் என் துன்பத்தை நீக்கட்டும், நீக்காமல் போகட்டும், இந்த அன்பு எனக்குரியது என்ற பிடிவாதம். இடையிடையே 'நெஞ்சே' என்று தன்னைத் தானே அழைத்துப் பேசும் பேச்சு. பக்தி இலக்கியத்தில் நெஞ்சை விளித்தல் ஒரு மரபு என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவேன். மரபுதான். ஆனால் வேறு யாரோடும் பேச நேரமில்லாத பெண்கள் வேலை செய்துகொண்டே வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த விளி இப்போது வேறு மாதிரி கேட்கிறது. தன்னை அறிவதற்குத் தனி அறையும் தனி நேரமும் கிடைக்காதவள், தன் நெஞ்சையே எதிரில் உட்காரவைத்துப் பேசுகிறாள்.

அந்தாதி என்ற வடிவத்தையும் அப்படிப் பார்க்கிறேன். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். கையில் ஏடு இல்லாதவளுக்கும் மனப்பாடம் நிற்கும். நடுவில் யாராவது கூப்பிட்டாலும் போய்விட்டு வந்து விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம், கடைசிச் சொல் காத்திருக்கும். பெண்களுக்காகத்தான் இந்த வடிவம் உருவானது என்று நான் சொல்லவில்லை. துண்டுபட்ட நேரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று மட்டும் சொல்கிறேன். குக்கர் சத்தத்துக்கும் பிள்ளையின் அழைப்புக்கும் நடுவே பத்து பத்துப் பக்கமாகப் படிக்கிற நாம் எல்லோரும் அந்தாதி வாசகிகள்தான்.

இனி பேயுரு. பெண்ணிய விமர்சனம் அம்மையாரைக் கொண்டாடும் இடம் இது. கணவனுக்காகத் தாங்கிய தசையை உதறினாள், ஆணின் பார்வைக்குரிய உடலை மறுத்தாள், தன்னைக் காரைக்கால் பேய் என்று தானே பெயரிட்டுக்கொண்டாள். நானும் இப்படி எழுதியிருக்கிறேன், மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை அப்படிப் பேசிவிட்டு ஊருக்கு வந்தபோது அம்மா கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், முட்டி தெரியும் கால். மூத்த திருப்பதிகத்தின் பேய்மகள் அப்படியே நின்றாள். இந்த உடம்பை அவள் யாரிடமும் வரமாகக் கேட்டு வாங்கவில்லை. சதையை அவள் உதறவில்லை, வயல் தின்றது. மேடையில் நான் விடுதலை என்று சொன்ன உருவம் எங்கள் தெருவில் வெறும் தேய்மானம்.

அன்றிலிருந்து அந்த வாசிப்பில் எனக்கு ஓர் இடறல். ஒரு பெண் உட்கார வேண்டுமானால் முதலில் பேயாக வேண்டும் என்றுதானே மரபு விலை வைக்கிறது? அழகு, உறவு, ஊர், உடம்பு எல்லாவற்றையும் கொடுத்த பிறகு ஓர் இருக்கை. பரமதத்தனைப் பாருங்கள். அவன் பயந்தான், கப்பல் ஏறினான், பாண்டி நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான், மகள் பிறந்தாள், அவளுக்குப் புனிதவதி என்றே பெயரும் வைத்தான். எதையும் இழக்காமல் அவனால் வேறு வாழ்க்கைக்குப் போக முடிந்தது. அந்த விலையைத் தியாகம் என்று பக்தி சொன்னது, எதிர்ப்பு என்று நாம் சொன்னோம். விலை அதிகம் என்று இருவருமே சொல்லவில்லை.

உட்கார்தல் பெண்ணின் பிரச்சினை மட்டும் இல்லை என்பதும் நெடுங்காட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியும். பெரிய வீட்டுத் திண்ணைகளில் எங்கள் தெரு ஆண்களும் உட்கார முடியாது. கூலி வாங்கப் போனால் வாசலில் நிற்க வேண்டும். அங்கே நின்ற அப்பா வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தார். அம்மா அங்கேயும் நின்றாள், இங்கேயும் நின்றாள். சாதி நிற்க வைத்ததற்கு வீட்டில் ஈடு கிடைத்தது ஆணுக்கு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் 'பெண்ணுக்கு ஓய்வு வேண்டும்' என்று பொதுவாக எழுதுவது எனக்குப் பாதி உண்மையாகவே படுகிறது.

மீதி உண்மை என் வீட்டிலேயே இருக்கிறது. நான் இப்போது உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுப்படியில் ஓர் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். சில ஆண்டுகளாக எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர். முதல் வாரத்திலேயே, "உட்கார்ந்து டீ குடிங்கக்கா" என்று நாற்காலியைக் காட்டினேன். "இருக்கட்டும்மா" என்று சுவரோரம் நின்றே குடித்தார். இரண்டு மூன்று முறை சொன்னேன், பிறகு விட்டுவிட்டேன். விட்டபோது எனக்குள் சின்ன நிம்மதி வந்ததைக் கவனித்தேன். அவர் உட்கார்ந்துவிட்டால் நேரம் போகும், பேச்சு வளரும், என் படிக்கும் நேரம் குறையும் என்ற கணக்கு. மரியாதையாகக் கேட்டாகிவிட்டது, மறுத்தது அவர் என்று என் மனசாட்சிக்குச் சொல்லிக்கொள்ளலாம். தன்னறிதல் என்று பெரிய சொற்களில் எழுதுகிறோம். என்னைப் பற்றி நான் அறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடிக்காதது இந்த நிம்மதி.

பெண் எழுதுவதற்குத் தனக்கென ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுனும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதினார். நம் எல்லோருக்கும் அந்த நூல் தெரியும். அதே காலத்தில் அவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த நெல்லி பாக்ஸாலைத் தெரிந்தவர்கள் குறைவு. வுல்ஃபின் நாட்குறிப்புகளில் அவரோடான சண்டைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இதனால் வுல்ஃபின் நூல் பொய்யாகிவிடாது. அந்த அறையின் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். நான் உட்காரும்போது யார் நிற்கிறார்கள் என்ற வரி.

அந்த வரியை எழுத முயன்றவர்கள் இலக்கியவாதிகள் இல்லை. கேரளத்தின் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே விற்ற பெண்கள். கோழிக்கோட்டில் அவர்கள் தொடங்கிய போராட்டத்தின் விளைவாக 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. 2010இல் 'அங்காடித் தெரு' பார்த்து அழுதவர்கள் நாம். ஆனாலும் புடவை எடுக்கப் போகும்போது, நாம் குஷன் இருக்கையில் இருக்க, நின்றபடி ஐம்பது புடவை பிரித்துக் காட்டும் பெண்ணின் கால்களைப் பார்ப்பதில்லை. அந்தப் பெண்கள் சட்டத்திடம் கேட்டது எளிமையானது. பேயாகாமல் உட்கார வேண்டும். அம்மையாக வேண்டாம், தெய்வமாக வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு ஸ்டூல்.

அம்மையாரின் செப்புத் திருமேனிகளை மறுபடி பார்க்கிறேன். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிறார், கையில் தாளம். உட்கார்ந்த பிறகும் கை ஓயவில்லையே என்று முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு வேறொன்று புரிந்தது. அந்தத் தாளத்துக்கு அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்க அங்கே யாருமில்லை. மாங்கனிக் கதையில் அவரை வெளியே தள்ளியது அந்தக் கேள்விதானே. ஓய்வு என்று நான் தேடுவதும் அதுதான் போலிருக்கிறது. கணக்குச் சொல்ல வேண்டாத கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் படிக்கலாம், தாளம் போடலாம், கட்டை என்று சொல்லாமல் உடம்பைச் சாய்க்கலாம். அது எனக்கு வேண்டும். என் அடுப்படியில் நிற்பவருக்கும் அதே அளவில் வேண்டும். அதற்கு நாற்காலியைக் காட்டினால் போதாது. டீ குடிக்கிற நேரமும் கூலியில் சேர்ந்த நேரம்தான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போன மாதம் சொன்னேன். மறுநாளும் நின்றேதான் குடித்தார். அந்த வாரக் கடைசியில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார், பாதி உடம்பு எழுந்துகொள்ளத் தயாராக. அந்த உட்காரலை எனக்கு நன்றாகத் தெரியும். செருப்புச் சத்தம் கேட்டால் நானும் அப்படித்தான் உட்காருவேன்.

அந்த மாணவிக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. "நல்ல கேள்வி, யோசிங்க" என்று ஆசிரியர்கள் தப்பிக்கும் வழியில் தப்பித்தேன். அடுத்த வகுப்பில் அவளிடம் திருப்பிக் கேட்டேன், "நீ இன்னைக்கு எப்பம்மா சாப்பிட்ட?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "பஸ்ல மேடம். நின்னுக்கிட்டே." இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை. பாடத்தை மூடிவைத்துவிட்டு, டப்பா கொண்டு வந்தவர்கள் எல்லோரும் எடுங்கள் என்றேன். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.